நாலு நாள் சிங்கப்பூர், 34 பசங்க: இது படிப்பா, பிக்னிக்கா?

கேள்வி: 6 ஜூலை 2024, மாலை 5.12

புதுக்கோட்டை பக்கம் ஒரு மெட்ரிக் ஸ்கூல்ல சோஷியல் எடுக்கிறேன். வர்ற ஜனவரில 9வது, 11வது பசங்க முப்பது பேர வெளிநாடு கூட்டிட்டுப் போகணும்னு கரஸ்பாண்டென்ட் முடிவு பண்ணி பொறுப்ப என் தலையில கட்டிட்டார். ஏஜென்ட் குடுத்த கொட்டேஷன்ல சிங்கப்பூர் மலேசியா 6 நாள், மேல 'கல்விச் சுற்றுலா'ன்னு பெருசா போட்டிருக்கு, உள்ள பாத்தா யுனிவர்சல் ஸ்டூடியோஸ், கெந்திங், சாக்லேட் ஃபேக்டரி, ஷாப்பிங். எங்க ஹெச்.எம். "ஆறு நாள்ல என்னத்தக் கத்துக்கிட்டு வரப்போகுதுங்க, பெத்தவங்க காசுல நீங்க ஊர் சுத்தப் போறீங்க"ன்னு மூஞ்சிக்கு நேரா கேட்டுட்டாங்க. கோவம் வந்துச்சு, பதில் வரல. கூட்டிட்டுப் போய்ட்டு வந்தவங்க இருந்தா உண்மைய சொல்லுங்க.

பதில்: 6 ஜூலை 2024, இரவு 10.50

உங்க ஹெச்.எம். சொல்றதுல பாதி சரி தம்பி. நான் ரெண்டு தடவ போயிருக்கேன், மொத தடவ அவங்க சொன்னது அப்படியே நடந்துச்சு.

2019. கும்பகோணம் பக்கத்துல இருந்து 41 பசங்க, இதே சிங்கப்பூர் மலேசியா 6 நாள், கிட்டத்தட்ட இதே லிஸ்ட்டு. அந்த சாக்லேட் ஃபேக்டரி ஃபேக்டரியே இல்ல, கடை. வாசல்லயே பசங்க சட்டையில ஒரு ஸ்டிக்கர் ஒட்டுனாங்க, எந்த ஏஜென்ட் கூட்டிட்டு வந்த கூட்டம்னு கணக்கு வெக்கறதுக்கு. உள்ள முக்கா மணி நேரம் சாம்பிள் தின்னதுதான் 'இண்டஸ்ட்ரியல் விசிட்'. சிங்கப்பூர்ல இருந்து மலேசியாவுக்கு பஸ்ல போறப்ப ரெண்டு பக்க இமிகிரேஷன்லயும் 41 பேர இறக்கி, பையோட நடத்தி, திரும்ப ஏத்தி, எண்ணி, ஒருத்தன் பாஸ்போர்ட்ட சீட்ல வெச்சுட்டு வந்துட்டான்னு திரும்ப ஓடி, அரை நாள் அதுலயே போச்சு. ஆறு நாள்ல ரெண்டு நாள் பஸ் சீட்டுதான் வெளிநாடு.

திரும்பி வந்து கட்டுரை எழுதச் சொன்னேன். எல்லாரும் ரோலர் கோஸ்டர். ஒரே ஒருத்தன் மட்டும், சிங்கப்பூர்ல இருந்து பாலம் தாண்டி போறப்ப ஒரு பெரிய பைப் லைன் பாலத்தோடவே ஓடுது சார், அது என்னன்னு யாரும் சொல்லலன்னு எழுதியிருந்தான். நான் ஜியாகரபி வாத்தியார், எனக்கும் அன்னிக்கு பதில் தெரியல. வெக்கமா இருந்துச்சு. ரெண்டாவது ட்ரிப்பு மொத்தமும் அந்த பைப்புல இருந்து பொறந்ததுதான். மீதிய நாளைக்கு எழுதறேன்.

7 ஜூலை 2024, மதியம் 2.20

அந்த பைப்புல வர்றது மலேசியாவோட ஜோகூர் மாநிலத்துத் தண்ணி. 1962ல போட்ட ஒப்பந்தம், ஒரு நாளைக்கு 250 மில்லியன் கேலன் வரைக்கும் ஜோகூர் ஆத்துல இருந்து சிங்கப்பூர் எடுத்துக்கலாம், ஆயிரம் கேலனுக்கு 3 சென் (மலேசியக் காசு). சுத்தம் பண்ண தண்ணியில ஒரு பகுதிய ஆயிரம் கேலன் 50 சென்னுன்னு ஜோகூருக்கே திருப்பி விக்குறாங்க. ஒப்பந்தம் 2061ல முடியுது. இத கிளாஸ்ல சொன்ன உடனே பின் பெஞ்சுல இருந்து ஒருத்தன் "அப்ப 2061ல அவங்களுக்கு ஒரு காவிரி பிரச்சினை வரும்ல சார்"ன்னான். டெல்டா பசங்களுக்கு இத தனியா விளக்க வேண்டியதில்ல பாருங்க, 1924ல போட்ட ஒப்பந்தம் 1974ல அம்பது வருஷம் முடிஞ்சப்பறம் என்ன ஆச்சுன்னு அவங்க வீட்டுத் திண்ணையிலயே பேச்சு ஓடும், 2018ல சுப்ரீம் கோர்ட் தமிழ்நாட்டுக்கு 177.25 டி.எம்.சி.ன்னு சொன்னதெல்லாம் அப்பாமாருக்கு மனப்பாடம்.

அதனால ரெண்டாவது ட்ரிப்புக்கு ஒரே கேள்விதான் வெச்சேன். பெரிய ஆறு இல்லாத ஊரு தண்ணிக்கு என்ன பண்ணுது? அவ்வளவுதான். மலேசியாவ வெட்டினேன். யுனிவர்சல வெட்டினேன், அதுக்காக பசங்க என்கிட்ட ஒரு வாரம் பேசல.

போறதுக்கு முன்னாடி டிசம்பர்ல ஒரு ஞாயித்துக்கிழமை ஸ்கூல் பஸ்ல கல்லணை, முக்கொம்பு. சிங்கப்பூர் வர்றவங்க மட்டும் இல்ல, கிளாஸ் மொத்தம் 52 பேரும். தலைக்கு 350 ரூபா, மதியம் புளிசோறு வீட்டுல இருந்து. முக்கொம்புல 2018 ஆகஸ்ட் வெள்ளத்துல கொள்ளிடம் மதகு ஒன்பது அடிச்சுட்டுப் போன இடத்த காட்டினேன். ஒன்பதுங்கற எண்ண ஞாபகம் வெச்சுக்குங்க, அப்பறம் வருது.

7 ஜூலை 2024, மதியம் 2.31

மறந்துட்டேன், இதுதான் ரொம்ப முக்கியம். பிளாஸ்டிக் மக்கு. ரூமுக்கு ஒண்ணு. பல ஓட்டல் பாத்ரூம்ல பேப்பர் மட்டும்தான் இருக்கும். 2019ல மொத ராத்திரி பொண்ணுங்க ரூம்ல இருந்து எங்க கணக்கு டீச்சருக்கு வந்த போன் எல்லாம் இதுக்குத்தான். எந்த ஏஜென்ட் லிஸ்ட்டுலயும் இது இருக்காது.

9 ஜூலை 2024, இரவு 9.05

பாஸ்போர்ட். ஜனவரிக்கு இப்பவே ஆரம்பிங்க, சிரிக்காதீங்க.

எங்க 34 பேர்ல பாஸ்போர்ட் கையில இருந்தது 11 பேருக்கு. மைனருக்கு ஃபீஸ் 1,000 ரூபா, அஞ்சு வருஷம் இல்லன்னா 18 வயசு, எது முன்னாடி வருதோ அது வரைக்கும் செல்லும். 15 வயசு தாண்டினவங்க 1,500 கட்டி பத்து வருஷத்துக்கே எடுத்துக்கலாம், 11வது பசங்களுக்கு அதுதான் லாபம். அப்பா அம்மா ரெண்டு பேரும் கையெழுத்துப் போடற டிக்ளரேஷன் ஒண்ணு இருக்கு, அனெக்ஷர் டி. பிரிஞ்சு இருக்கற குடும்பம், அப்பா துபாய்ல இருக்கற குடும்பம், இங்கதான் நாள் இழுக்கும். அத எல்லார் முன்னாடியும் பசங்கள நிக்க வெச்சு கேக்காதீங்க, நான் கேட்டுட்டேன், ஒரு பொண்ணு அழுதுடுச்சு, அப்பறம் தனித்தனியா கூப்ட்டு பேசினேன்.

அடுத்தது நம்ம ஊரு தலையெழுத்து, இனிஷியல். ஆதார்ல 'க. பிரியா', பர்த் சர்டிபிகேட்ல வெறும் 'பிரியா', மார்க் ஷீட்ல 'பிரியா கே'. பாஸ்போர்ட்ல சர்நேம் கட்டத்த காலியா விட்டுட்டு வந்துருவாங்க. சிங்கப்பூருக்கு அது பெரிய தடை இல்ல, ஆனா டிக்கெட் போடற சிஸ்டம் சர்நேம் இல்லாம நகராது, ஏஜென்ட் ஆளு ஆளுக்கு ஒரு மாதிரி ரொப்புவான். துபாய் போறதா இருந்தா இன்னும் கவனம், 2022 நவம்பர்ல ஒத்தப் பேர் பாஸ்போர்ட்ட விட மாட்டோம்னு சொல்லி அப்பறம் உள்பக்கத்துல அப்பா பேர் இருந்தா போதும்னு தளர்த்தினாங்க. முடிஞ்சவரைக்கும் புதுசா எடுக்கற பசங்களுக்கு அப்பா பேர சர்நேமா போட்டுருங்க, பின்னாடி காலேஜுக்கு வெளிய போனாலும் உபயோகப்படும்.

போட்டோ. சிங்கப்பூர் விசாவுக்கு வெள்ளை பேக்ரவுண்ட், 35க்கு 45 மில்லிமீட்டர். எங்க ஊரு ஸ்டூடியோக்காரர் பேக்ரவுண்டோட சேத்து பசங்க மூஞ்சியவும் வெள்ளையாக்கி வெச்சுட்டார். ஏழு போட்டோ திரும்பி வந்துச்சு. ஒருத்தன் அம்மா மட்டும் "இந்த போட்டோ நல்லாருக்கு சார், எனக்கு ஒரு காப்பி குடுங்க"ன்னு வாங்கிட்டுப் போனாங்க.

10 ஜூலை 2024, காலை 6.40

தம்பி தம்பின்னு எழுதிட்டு இருக்கேன், நேத்து தனி மெசேஜ்லதான் தெரிஞ்சுது டீச்சர்னு. சரி டீச்சர், மன்னிச்சுக்கங்க. சோஷியல்னா உடனே எனக்கு என் மாதிரி ஒரு தொப்பைதான் கண்ணுல வருது.

விசா கேட்டிருந்தீங்க. விசா ஃபீஸ் 30 சிங்கப்பூர் டாலர்தான், மேல கேக்கறது ஏஜென்ட் சர்வீஸ் சார்ஜ். அங்கீகரிச்ச ஏஜென்ட் வழியாதான் போடணும், ஏர்போர்ட்ல போய் வாங்கிக்கற கதை கிடையாது. விசா வந்தாலும் உள்ள விடறது அங்க இமிகிரேஷன் ஆபீசர் கையிலதான். அதனால அப்பா அம்மா சம்மதக் கடிதம் நோட்டரி கையெழுத்தோட, ஸ்கூல் லெட்டர்ஹெட்ல பேர்ப்பட்டியல், ஓட்டல் புக்கிங், ரிட்டர்ன் டிக்கெட், எல்லாம் ஒரு ஃபைலா ஒவ்வொரு டீச்சர் கையிலயும் ஒரு செட். அப்பறம் எஸ்.ஜி. அரைவல் கார்டு, அங்க இறங்கறவங்க நிரப்ப வேண்டிய ஃபாரம், போறதுக்கு மூணு நாள் முன்னாடிதான் திறக்கும், ஆன்லைன்ல இலவசம். இலவசம்னு அழுத்தி சொல்றேன், கூகுள்ல தேடினா காசு கேக்கற சைட்டுதான் மேல வருது. குரூப்பா போட வழி இருக்கு.

மலேசியாவுக்கு 2023 டிசம்பர் 1ல இருந்து நமக்கு விசாவே வேணாம், 30 நாள். அதனால மலேசியா மட்டும்னு வெச்சீங்கன்னா செலவு கணிசமா குறையும், அதுவும் ஒரு நல்ல யோசனைதான். ரெண்டையும் சேக்காதீங்க, அவ்வளவுதான் என் சண்டை.

14 ஜூலை 2024, இரவு 11.15

காசு.

எங்களுக்கு தலைக்கு 71,500 ஆச்சு. திருச்சில இருந்து நேர் ஃப்ளைட், நாலு ராத்திரி, மூணு பேருக்கு ஒரு ரூம், சாப்பாடு, ரெண்டு நாள் பஸ், மீதி நாள் எம்.ஆர்.டி. ரயில், இன்சூரன்ஸ். பத்து பேருக்கு மேல போனா ஏர்லைன்ஸ்ல குரூப் ஃபேர் கேளுங்க, ரேட்டு பெருசா இறங்காது, ஆனா பேரு கடைசில குடுக்கலாம், பசங்க பாஸ்போர்ட் வராம இருக்கறப்ப அதுதான் உயிர் காக்கும்.

இப்ப எங்க கரஸ்பாண்டென்ட் பண்ண இருந்த தப்ப சொல்றேன். எல்லார்கிட்டயும் ஸ்கூல் அக்கவுண்ட்ல காசு வாங்கி, மொத்தமா ஏஜென்ட்டுக்கு ஒரே செக்கு குடுத்துரலாம்னார். வெளிநாட்டு டூர் பேக்கேஜுக்கு டி.சி.எஸ்.னு வருமான வரிய முன்கூட்டியே புடிப்பாங்க. ஒருத்தர் பேர்ல ஒரு வருஷத்துல 7 லட்சம் வரைக்கும் 5 சதவீதம், அதுக்கு மேல போனா 20, 2023 அக்டோபர்ல மாத்தினது, 2024ல நாங்க போனப்ப இப்படித்தான் இருந்துச்சு. 34 பேர் காசு 24 லட்சத்து 31 ஆயிரம் ஸ்கூல் பான் நம்பர்ல போச்சுன்னா 3 லட்சத்து 81 ஆயிரம் புடிச்சிருப்பாங்க. அதையே ஒவ்வொரு பெத்தவங்களும் அவங்கவங்க பான்ல நேரா ஏஜென்ட்டுக்கு கட்டினா ஆளுக்கு 3,575, மொத்தம் ஒண்ணேகால் லட்சத்துக்கும் உள்ள. கடைசி நேரத்துல ஆடிட்டர் சொல்லி மாத்தினோம். அந்த காசு அத்தோட போச்சுன்னுதான் வெச்சுக்கணும்.

15 ஜூலை 2024, காலை 7.30

கடைசி வரி தப்பு. போனது போனதுதான் இல்ல. அந்த டி.சி.எஸ். பெத்தவங்களோட 26ஏ.எஸ்.ங்கற வரிக் கணக்குத் தாள்ல ஏறும், ரிட்டர்ன் போட்டா கழிச்சுக்கலாம், வரி இல்லன்னா திரும்ப வரும். எங்க பெத்தவங்கள்ல பாதிப் பேர் கடை, விவசாயம், ரிட்டர்னே போடாதவங்க, அவங்களுக்குத்தான் சிக்கல். நான் மெனக்கெட்டு ஒரு சாயங்காலம் ஆடிட்டர கூப்ட்டு உக்கார வெச்சிருக்கலாம், வெக்கல. நீங்க வைங்க.

3 ஆகஸ்ட் 2024, மாலை 6.10

ஒரு பெரிய திருத்தம். நியூவாட்டர், அதாவது கழிவுத் தண்ணிய சுத்தம் பண்ணி நல்ல தண்ணியாக்கறது, அதோட விசிட்டர் சென்டருக்கு எழுதிப் போடுங்கன்னு டீச்சருக்கு தனியா சொல்லியிருந்தேன். அது ஜூலை 31ஓட மூடிட்டாங்க. நாங்க ஜனவரில போனப்ப இருந்துச்சு. அதனால அத எடுத்துட்டு மெரினா பேரேஜ்ங்கற தடுப்பணையில இருக்கற சஸ்டெய்னபிள் சிங்கப்பூர் கேலரிய வைங்க.

மூடினதுல எனக்கு நெஜமா வருத்தம். எங்க ட்ரிப்புலயே பெரிய சண்டை நடந்த இடம் அது. கழிவுத் தண்ணிய நுண்வடிகட்டி, ரிவர்ஸ் ஆஸ்மோசிஸ், அல்ட்ரா வயலட்னு மூணு கட்டம் தாண்டி எடுக்கறாங்க, 2003ல ஆரம்பிச்சது. போறப்ப கையில ஒரு சின்ன பாட்டில் குடுப்பாங்க. 34ல 9 பேர்தான் குடிச்சாங்க. மத்ததெல்லாம் "சாக்கடைத் தண்ணி சார்". ஒரு பையன் மட்டும் "நம்ம வாய்க்கால்ல மேல ஊர்க்காரன் மாடு குளிப்பாட்டின தண்ணியத்தான கீழ நாம குடிக்கிறோம், இவங்க அத மெஷின் வெச்சு பண்றாங்க"ன்னு மூடியத் தொறந்து ஒரே மூச்சுல குடிச்சான். பஸ்ல ஓட்டல் வரைக்கும் இந்த விவாதம். அதுல பெரும்பகுதி சிப் தயாரிக்கற ஃபேக்டரிக்குத்தான் போவுது, மழை இல்லாத மாசத்துல கொஞ்சம் ஏரியில கலப்பாங்கன்னு நான் சொன்னது யார் காதுலயும் ஏறல.

3 ஆகஸ்ட் 2024, மாலை 6.45

மெரினா பேரேஜுக்கு காசு கிடையாது. 350 மீட்டர் அகலம், 2008ல திறந்தது. கடல் தண்ணி உள்ள வராம அடைச்சு, உள்ள இருக்கற உப்புத் தண்ணிய மழையே கழுவிக் கழுவி 2010ல நல்ல தண்ணி ஏரியாக்கிட்டாங்க, சிங்கப்பூர் நெலப்பரப்புல ஆறுல ஒரு பங்குல பெய்யற மழை இங்கதான் வந்து சேருது. மதகு எத்தன தெரியுமா? ஒன்பது.

நான் சொல்லவே இல்ல, பசங்களே எண்ணிட்டாங்க. "சார் ஒன்பது சார், முக்கொம்புல போனதும் ஒன்பது." ஒன்பதும் ஒடஞ்சா என்ன ஆவும்னு ஒரு பொண்ணு அங்க இருந்த கைடுகிட்ட இங்கிலீஷ்ல கேட்டுச்சு. அந்தம்மா ஒரு நிமிஷம் முழிச்சுட்டு அப்பறம் நல்லா விளக்கினாங்க. மழை பெஞ்சு கடல் இறங்கி இருந்தா மதகத் தொறந்து விடுவாங்க, கடல் ஏறி இருக்கற நேரம்னா தொறக்க முடியாது, அப்ப ஏழு பம்பு இருக்கு, ஒவ்வொண்ணும் நொடிக்கு 40 கன மீட்டர் வெளிய தள்ளும். ஒரு ஒலிம்பிக் நீச்சல் குளம் ஒரு நிமிஷத்துல காலி. சொல்லி வெச்ச மாதிரி மழையும் கொட்டுச்சு, ஜனவரி அங்க நல்ல மழைக் காலம், குடை எடுத்துட்டுப் போங்க.

உங்க ஹெச்.எம். கேட்டதுக்கு என் பதில் அந்தப் பொண்ணு கேட்ட கேள்விதான் டீச்சர். முக்கொம்ப பாக்காம போயிருந்தா அது வந்திருக்காது.

4 ஆகஸ்ட் 2024, இரவு 8.20

ரொம்ப பெருமையா எழுதிட்டேனோன்னு இன்னிக்கு தோணுது. அந்த பேரேஜ் மேல நின்னுக்கிட்டு நானும் பசங்களும் ஒரு முட்டாள்தனமும் பேசினோம், "நாம தண்ணிய கடல்ல விட்டு வீணாக்கறோம், இவங்க கடலையே அடைச்சுட்டாங்க பாரு"ன்னு. ஊர் திரும்பி யோசிச்சா அது சரியில்ல. சிங்கப்பூர் மொத்தமே 735 சதுர கிலோமீட்டர் சொச்சம், நம்ம ஒரு தாலுகா ரெண்டு தாலுகா. ஆத்துத் தண்ணி கடல்ல கலக்கலன்னா கடலோரத்துல உப்பு உள்ள ஏறும், மண்ணு வந்து சேராது, மீனு போவும். கடைமடை பசங்களுக்கு இது நான் சொல்லித்தான் தெரியணும்னு இல்ல. ஜியாகரபி வாத்தியாரா இருந்துக்கிட்டு அங்கயே திருத்தியிருக்கணும், ஃபோட்டோ எடுக்கற அவசரத்துல விட்டுட்டேன். பிப்ரவரில ஒரு பீரியட் முழுக்க அத சரி பண்ணவே போச்சு.

17 ஆகஸ்ட் 2024, மதியம் 1.00

நாகப்பட்டினம் காங்கேசன்துறை கப்பல் நேத்து மறுபடி ஆரம்பிச்சாச்சாம். போன வருஷம் அக்டோபர்ல விட்டு நிறுத்தினது. சிங்கப்பூரெல்லாம் எதுக்கு, கப்பல்ல ஏத்தி யாழ்ப்பாணம் கூட்டிட்டுப் போயிரலாமான்னு கை அரிக்குது. ஃப்ளைட்ல மேகம் பாக்கறதுக்கு கடல் பாக்கட்டும், பாஷையும் புரியும், வருஷம் பூரா ஓடுற ஆறே இல்லாத சுண்ணாம்புக்கல் பூமி, கிணத்துத் தண்ணிய நம்பியே விவசாயம், என் கேள்விக்கு அதுவும் அருமையா பொருந்தும். என்ன, கப்பல் ஓடுறத நம்பி 30 பேருக்கு ஆறு மாசம் முன்னாடி திட்டம் போட தைரியம் வேணும். எனக்கு இல்ல. நீங்க சிங்கப்பூரப் பாருங்க.

8 செப்டம்பர் 2024, இரவு 10.05

'ஸ்கூல் விசிட்' இருக்குன்னு ஏஜென்ட் சொல்றாரான்னு கேளுங்க, எந்த ஸ்கூல்னு கேளுங்க, அந்த ஸ்கூல் அனுப்பின மெயில காட்டச் சொல்லுங்க. காட்ட மாட்டாரு. அங்க ஸ்கூல் கேட்டுக்குள்ள அவ்வளவு லேசுல நுழைய முடியாது. நான் ஆறு ஸ்கூலுக்கு மெயில் போட்டேன், ரெண்டு பதில், ரெண்டும் மரியாதையா முடியாதுன்னு. நமக்கு மே லீவு, அவங்களுக்கு ஜூன் லீவு, டிசம்பர் லீவு, ரெண்டு ஊரு காலண்டரும் ஒத்தே வராது. ஜனவரில அவங்க ஸ்கூல் ஓடும், ஆனா அப்பத்தான் புது வருஷம் தொடங்கி இருக்கும், தலைகீழா நிப்பாங்க. சீனப் புத்தாண்டு 2025ல ஜனவரி 29, அந்த வாரத்துக்குள்ள போயிடாதீங்க, பாதி கடை மூடியிருக்கும். பொங்கல் முடிஞ்ச கையோட போய்ட்டு வந்துருங்க, நாங்களும் அப்படித்தான். லிட்டில் இண்டியால பொங்கல் விளக்கு எரிஞ்சிட்டு இருந்துச்சு, ஒரு பையன் "நம்ம ஊர்லயே இவ்வளவு இல்லயே சார்"ன்னான்.

ஸ்கூலுக்கு பதிலா நான் வெச்சது தெலுக் ஆயர் தெரு. அங்க நாகூர் தர்கா இருக்கு, 1828ல இருந்து 1830க்குள்ள நம்ம கரையில இருந்து போன முஸ்லிம்கள் கட்டினது. எங்க செட்டுல நாகூர்ல பாட்டி வீடு இருக்கற பொண்ணு ஒண்ணு, வாசல்ல நின்னு அந்த சின்ன மினாராவ பாத்துட்டு எதுவுமே பேசல, வீடியோ கால்ல பாட்டிய கூப்ட்டு கேமராவ திருப்பி காட்டுச்சு. கொஞ்சம் தள்ளி தியான் ஹாக் கெங், சீனக் கோயில். ரெண்டுமே கட்டினப்ப கடற்கரையில இருந்தது, கப்பல்ல இருந்து இறங்கின கையோட கும்பிட. இப்ப கடல் எங்கன்னு பசங்கள கேட்டேன். கண்ணுக்கு எட்டின வரைக்கும் பில்டிங். கடல தூர்த்து நெலமாக்கறதுன்னா என்னன்னு போர்டுல நூறு தடவ வரைஞ்சாலும் இப்படி புரியாது.

9 செப்டம்பர் 2024, காலை 6.15

தலை எண்றது. நாலு நாள்ல நான் படிச்சுக் குடுத்தது கம்மி, எண்ணினது ஜாஸ்தி.

லிட்டில் இண்டியா ஸ்டேஷன்ல இருந்து பேஃப்ரண்ட், டவுன்டவுன் லைன்ல நேரா போகும், நடுவுல மூணு ஸ்டேஷன்தான். இறங்கி எண்ணினா 33. ஒருத்தன் உள்ளயே நின்னுட்டான், கதவு மூடி ரயில் போயிருச்சு. அந்த ஒரு நிமிஷம் எனக்கு அவன் அப்பா மூஞ்சிதான் தெரிஞ்சுது. நல்லவேளை மொத நாளே சொல்லி வெச்சிருந்தோம், தொலைஞ்சா அடுத்த ஸ்டேஷன்ல இறங்கு, இறங்கின இடத்துலயே நில்லு, எங்களத் தேடி வராத. டவுன்டவுன் ஸ்டேஷன்ல பெஞ்சுல உக்காந்து வாட்டர் பாட்டில் வெச்சு விளையாடிட்டு இருந்தான். தப்பு என்னோடது, கடைசியா இறங்க வேண்டிய வாத்தியார் நானு, மொத ஆளா இறங்கிட்டேன்.

அன்னிக்கு ராத்திரியில இருந்து முறைய மாத்தினோம். ஒண்ணுல இருந்து 34 வரைக்கும் நம்பர், பசங்களே கத்திச் சொல்லணும், எட்டு ஒன்பது பேருக்கு ஒரு டீச்சர், ஒருத்தர் எப்பவும் கடைசில. ரயிலுக்குள்ள தின்னக் கூடாது குடிக்கக் கூடாது, 500 டாலர் வரைக்கும் அபராதம், தண்ணி கூடத்தான். சூயிங்கம் 1992ல இருந்தே கிடையாது, பையில ஒரு பாக்கெட் கூட இருக்க வேணாம். மாத்திரைக்கு டாக்டர் சீட்டு. கோடீன் இருக்கற இருமல் சிரப்புக்கு அங்க முன்கூட்டி அனுமதி வேணும், பேசாம வீட்டுலயே வெச்சுட்டு வரச் சொல்லுங்க.

சாப்பாடு பத்தி ரெண்டே வரி. காலையில ஓட்டல்ல பிரெட்டு, மதியம் ஹாக்கர் சென்டர் (ஒரே இடத்துல நிறைய சின்னச் சின்ன சாப்பாட்டுக் கடை), ராத்திரி சிராங்கூன் ரோட்டுல நம்ம சாப்பாடு. ஹாக்கர் சென்டர்ல தின்ன தட்ட நாமளே எடுத்து வெக்கணும், 2021ல இருந்து வெக்கலன்னா நடவடிக்கை உண்டு, ஹலால் தட்டுக்கு தனி இடம். ஊர் திரும்பி ஒரு மாசம் எங்க ஸ்கூல் சத்துணவு... இல்ல இல்ல, எங்களுது மெட்ரிக், கேன்டீன். கேன்டீன்ல தட்டு ஒழுங்கா அடுக்கி இருந்துச்சு. மார்ச்சுல பழையபடி ஆயிருச்சு.

22 செப்டம்பர் 2024, இரவு 11.40

இத எழுதலாமா வேணாமான்னு ரெண்டு வாரமா யோசிச்சேன்.

கிளாஸ்ல 52 பேர்னு சொன்னேன்ல. போனது அதுல 26, மீதி 8 பேர் ஒன்பதாவது. மிச்சம் 26 பேருக்கு அந்த நாலு நாள் நான் இல்லாத கிளாஸ். 71,500 ரூபாய்ங்கறது அதுல சில வீட்டுக்கு ஒரு போக குறுவையில கையில நிக்கற காசுக்கும் மேல. ஒருத்தன், பேரு வேணாம், கடைமடைப் பையன், முக்கொம்புல நான் சொன்னத எல்லாம் விட ஜாஸ்தியா மதகு பத்தி தெரிஞ்சவன், அவங்க தாத்தா தண்ணி பாய்ச்சற ஆளா இருந்தவரு. "சார் அங்க அந்த மதகு எந்தப் பக்கம் சாயுதுன்னு மட்டும் பாத்துட்டு வாங்க"ன்னு என்கிட்ட கேட்டு அனுப்பினான். நான் மறந்துட்டேன். 34 பேர்ல யாருமே பாக்கல. அவ்வளவு போட்டோ எடுத்திருக்கோம், எல்லாத்துலயும் எங்க மூஞ்சி.

கடைசில அவனே யூட்யூப்ல தேடிப் பாத்துட்டு வந்து கிளாஸ்ல வரைஞ்சு காட்டினான். பிப்ரவரி கண்காட்சில மாடல் செஞ்சது அவனும், போகாத இன்னும் ரெண்டு பொண்ணுங்களும். போன பசங்க கோடாலித் தைலமும் சாவிக் கொத்தும்தான் வெச்சிருந்தாங்க.

அப்ப எதுக்குப் போகணும்னு உங்க ஹெச்.எம். கேப்பாங்க. என்கிட்ட சுத்தமான பதில் இல்ல. நான் இனிமே பண்ணப் போறது ஒண்ணுதான், போகாதவங்க கேள்வி எழுதிக் குடுக்கணும், போறவங்க ஒவ்வொருத்தரும் ஒரு கேள்விக்கு பதிலோட வரணும். முடிஞ்சா நிர்வாகத்துக்கிட்ட சண்டை போட்டு ரெண்டு சீட்டாவது இலவசமா வாங்குங்க. ஏஜென்ட்டுங்க பதினஞ்சு பேருக்கு ஒரு டீச்சர் ஃப்ரீ அந்த மாதிரி குடுப்பாங்க, அந்த சலுகைய வாத்தியாருக்கு பதிலா பசங்களுக்கு திருப்புங்க. எங்க கரஸ்பாண்டென்ட் ஒத்துக்கல. உங்க ஆளு எப்படியோ.

23 செப்டம்பர் 2024, காலை 7.10

ராத்திரி ரொம்ப சோகமா எழுதிட்டேன். டீச்சர் "கேன்சல் பண்ணிரட்டுமா சார்"னு மெசேஜ் போட்டிருக்காங்க. வேணாம் டீச்சர், போங்க.

5 ஜனவரி 2025, இரவு 9.30

இன்னும் பன்னெண்டு நாள். விட்டுப்போனது ரெண்டு.

திருச்சில புது டெர்மினல் போன ஜூன்ல இருந்து ஓடுது, நாங்க போனது பழசு, அதனால எந்த வாசல்ல கூடணும்னு நான் சொன்னது செல்லாது. ஒருத்தர் முன்னாடியே போய் பாத்துட்டு வாங்க. வழியனுப்ப பெத்தவங்க வேன் புடிச்சு வருவாங்க, அத்தை மாமா எல்லாம், அழுகைக்கு அரை மணி நேரம் தனியா ஒதுக்குங்க.

ரெண்டாவது, குருவி, அதாவது சாமான் கடத்தற ஆளு. திரும்பி வர்றப்ப சாங்கி ஏர்போர்ட்ல நல்லா தமிழ் பேசுற ஒருத்தர் வந்து "தம்பி, எனக்கு லக்கேஜ் ஜாஸ்தியாயிடுச்சு, இந்த பொட்டலத்த மட்டும் திருச்சில குடுத்துரு, வெறும் சாக்லேட்டுதான்"னு எங்க பையன்கிட்ட கேட்டாரு. சின்னப் பசங்கன்னா கஸ்டம்ஸ்ல சந்தேகப்பட மாட்டாங்கன்னு கணக்கு. இவன் நல்ல பையன், பெரியவங்க கேட்டா மறுக்கக் கூடாதுன்னு வளத்திருக்காங்க, கையில வாங்கிட்டான். எங்க கணக்கு டீச்சர் பாத்துட்டு, அவங்க குரல் பெருசு, ஏர்போர்ட்டே திரும்பிப் பாத்துச்சு, ஆளு பொட்டலத்த புடுங்கிட்டு மாயமாயிட்டார். உள்ள நிஜமாவே சாக்லேட்டா கூட இருந்திருக்கலாம். கிளம்பறதுக்கு முன்னாடி நாடகம் மாதிரி போட்டு பழக்குங்க. நான் குருவியா நடிக்க வர்றேன், பஸ் சார்ஜ் குடுத்தா போதும்.

11 ஜனவரி 2025, மாலை 5.55

நெசமாவே கூப்ட்டாங்க, போய்ட்டு வந்தேன். 29 பசங்க, 3 டீச்சர். ஒரு பொண்ணுக்கு இலவச சீட்டு வாங்கிட்டாங்க, எப்படின்னு கேட்டா சிரிக்கறாங்க. நான் குருவியா நடிச்சு அஞ்சு பேர்கிட்ட பொட்டலத்த தள்ளி விட்டுட்டேன், அஞ்சு பேரும் "சரி அங்கிள்"னு வாங்கிட்டாங்க. ஆறாவது பொண்ணு மட்டும் "உங்க பாஸ்போர்ட்ட காட்டுங்க மொதல்ல"ன்னுச்சு.

அவங்க கேள்வி தண்ணி இல்ல. புதுக்கோட்டை மழைய நம்பின கண்மாய் ஊரு, ஆனா பசங்க ஓட்டுப் போட்டு 'குப்பை எங்க போவுது'ன்னு எடுத்திருக்காங்க. மொதல்ல எனக்கு சப்புன்னு போச்சு. அப்பறம் அவங்க ஒட்டி வெச்ச சார்ட்ட பாத்தேன், எரிச்ச சாம்பலக் கொண்டு போய் கொட்டுற செமாகாவ் தீவு, பக்கத்துலயே அவங்க டவுன் குப்பைக் கிடங்கு போட்டோ, போகாத பசங்க எழுதின கேள்விச் சீட்டு ஒரு டப்பா நிறைய. ஹெச்.எம். அம்மாவும் ஒரு சீட்டு போட்டிருக்காங்க, என்ன எழுதியிருக்காங்கன்னு யாருக்கும் காட்டல.

18 ஜனவரி 2025, காலை 6.02

சாங்கில இருந்து மெசேஜ் வந்துச்சு. "இறங்கிட்டோம் சார். எண்ணிட்டேன், 32. மக்கு பத்து எடுத்துட்டு வந்தோம்."

18 ஜனவரி 2025, காலை 6.04

"31 சார்."

18 ஜனவரி 2025, காலை 6.11

"ஹெச்.எம். சீட்டுக்கு பதில் தேடறேன்னு ஒருத்தன் குப்பைத் தொட்டிய போட்டோ எடுத்துட்டு நின்னான். 32."